நான் விற்றுக் கொடுத்த மூட்டை

அன்று காசியம்மா வரவில்லை. சந்தையில் அவள் உட்காருகிற இடத்தில் அவள் வீட்டுக்காரர் வெள்ளையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரே ஒரு மூட்டை. அதன் வாயைக்கூட அவிழ்க்கவில்லை.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. கீரைக்காரர்கள் மிச்சக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"இன்னாங்கண்ணா, காசியம்மா எங்க?"

"பொண்ணுக்கு வலி வந்துட்ச்சிங்க. திருப்பத்தூர் ஆஸ்பத்திரில கூட கீது. நீ போய் சாமைய வித்துட்டு வான்னுச்சி."

"வித்துட்டு வான்னா, மூட்டையக் கட்டிப் புடிச்சிக்கினு குந்தினா ஆச்சா? அவுருங்க."

அவிழ்த்தார். உமி நீக்காத சாமை. கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தேன். சின்ன மணிதான், ஆனால் ஒன்றுகூடப் பொக்கு இல்லை. நொச்சி இலை வாசம் அடித்தது. விரல்களில் மெல்லிசாகச் சாம்பல் ஒட்டியது. தட்டிவிட்டேன்.

அந்தச் சாம்பலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். இத்தனை வாரமும் சந்தையின் தராசு, சந்தையின் மாடு, சந்தையின் டீக்கடை என்று எதையெதையோ எழுதி இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

போர்டக்கா

புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் சிறிய உழவர் சந்தையில் எனக்குத் தற்காலிக வேலை. விடியற்காலையில் கதவு திறந்து, விவசாயிகளுக்குத் தராசு எடுத்துக் கொடுத்து, வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுத வேண்டும். அதனால் எல்லோருக்கும் நான் 'போர்டக்கா'. என் பெயர் தெரிந்தவர்கள் அந்தச் சந்தையில் நான்கைந்து பேர் இருந்திருந்தால் அதிகம்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு கிடைத்த வேலை அது. வீட்டில் பேச ஆளில்லை. அதனால் ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டியதைச் சந்தையில் பதினொரு மணிக்குள் பேசி முடித்துவிடுவேன். கத்தரிக்காய் சொத்தையா என்று கேட்க ஆரம்பித்தால் மருமகள் சண்டையில் போய் நிற்கும். வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

உள்ளே விவசாயிகளுக்கு மட்டும்தான் இடம். கதவுக்கு வெளியே முறமும் கூடையும் விற்கிறவர், அரிவாளுக்குப் பிடி போட்டுக் கொடுக்கிறவர், வளையல்காரி. மழை வந்தால் இந்த உள்ளே வெளியே எல்லாம் போய்விடும். எல்லோரும் ஒரே தகரக் கூரைக்கு அடியில் வந்து நெருக்கிக்கொண்டு நிற்போம். கூரை சத்தத்தில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அப்போதும் பேசுவோம்.

வியாழக்கிழமைக்காரி

காசியம்மா நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவள். வாரத்தில் வியாழன் மட்டும். இருட்டோடு எழுந்து, கூடையோடு நடந்து, ஜீப் பிடித்து, ஆலங்காயத்தில் இறங்கி, பஸ் மாறி வர வேண்டும். சீத்தாப்பழக் காலத்தில் சீத்தாப்பழம், புளிக் காலத்தில் புளி, மற்ற நாளில் கொள்ளும் சாமையும்.

என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வந்த முதல் நாளே என்னை உட்கார வைத்தாள்.

"அக்கா, காலையிலேர்ந்து நிக்கிறியே, காலு இன்னாத்துக்கு ஆவும்? குந்து."

சாக்கை விரித்துப் போட்டாள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஆறேழு வருடம் வியாழக்கிழமைகளில் அந்தச் சாக்கில்தான் என் அலுவலகம் நடந்தது.

நான் எலெக்ட்ரானிக் தராசு கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் படியால்தான் அளப்பாள். "உன் பொட்டி பொய் சொல்லும் அக்கா, படிக்கு வாயே இல்ல, அது எப்டி பொய் சொல்லும்?" என்பாள். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் படியை என் மேஜைக்கு அடியில் ஒளித்து வைப்பேன்.

பேரம் பேசுகிறவர்களிடம் பதிலே சொல்ல மாட்டாள். முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொள்வாள். வந்தவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, தானும் திரும்பி மலையைப் பார்ப்பார். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு போவார். இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "சிரிக்காத அக்கா, யாவாரம் கெட்டுப் பூடும்" என்று தொடையில் கிள்ளுவாள்.

வாரா வாரம் என்னை மலைக்குக் கூப்பிடுவாள். "தை மாசம் வா. வூட்ல தங்கு. குளிர்ல நடுங்குவ, நா பாத்து சிரிக்கணும்." நான் அடுத்த வருடம் என்பேன். வருடத்தில் ஒரு நாள் லீவு கிடைக்காதா என்ன? கிடைத்தது. போகவில்லை.

ஆகக் கெட்ட உதவி

அப்படிப்பட்டவளுடைய வீட்டுக்காரர் விற்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவள். எனக்குக் கை பரபரவென்றது. எதையாவது செய்துவிட வேண்டும்.

சமையலுக்கு வாங்குகிறவர்களுக்கு உமியோடு சாமை வேண்டாம். அந்த நேரம் பார்த்து அமீர் பாய் வந்தார். திருப்பத்தூரில் பறவைத் தீனி விற்கிற சின்னக் கடை அவருடையது. வியாபாரிக்கு விற்கக் கூடாது என்பது சந்தை விதி. ஆனால் அவர் வீட்டிலும் நான்கு கூண்டு பறவை வளர்க்கிறாரே, வீட்டுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம் என நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"பாய், இங்க வாங்க. இந்த மாதிரி மணி பாத்துக்கிறீங்களா?"

பாய் ஒரு கை அள்ளிப் பார்த்தார். மூட்டையோடு எடுத்துக்கொண்டார். வெள்ளையன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஏதோ மலையையே நகர்த்தி வைத்தவள்போல் என் மேஜைக்குத் திரும்பினேன்.

சாம்பலும் நொச்சி இலையும் போட்டு யாரும் சோற்றுக்குத் தானியம் வைப்பதில்லை. அது பூச்சி பிடிக்காமல் விதைக்கு வைக்கிற முறை. நான் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை, அடிவாரத்து விவசாய வீட்டில் பிறந்தவள். என் அம்மா கேழ்வரகு விதையை அப்படித்தான் வைத்தாள். கையில் ஒட்டியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் தெரிந்தது என்றுகூடத் தோன்றுகிறது. உதவி செய்கிற அவசரத்தில் தட்டிவிட்டேன்.

வெள்ளையன் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் உழுவது ஆண், விதை காப்பது பெண். விதை மூட்டை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதும் இல்லை, தொட்டதும் இல்லை. விற்க எடுத்து வைத்த மூட்டையை எலி கடித்திருந்தது. கடித்த மூட்டையைப் போர்டக்கா முன்னால் கொண்டுபோய் வைப்பதா என்று வெட்கப்பட்டு, பரணில் நன்றாக இருந்த மூட்டையை இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்.

வெறுங்கை

மூன்றாம் நாள் காசியம்மா வந்தாள். அது வியாழக்கிழமை இல்லை. கூடையும் இல்லை. அவளை வெறுங்கையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"காசீ, பேரனா பேத்தியா?" என்றேன்.

"பேத்தி. அக்கா, மூட்ட யாருகிட்ட போச்சி?"

"ஏன், இன்னா ஆச்சி?"

"அது வெத அக்கா. எங்கம்மா வூட்டு வெத."

அவள் சொல்லச் சொல்லத்தான் முழுசாகத் தெரிந்தது. கல்யாணமாகி வந்தபோது அம்மா கொடுத்த விதை. அதைத்தான் ஒவ்வொரு வருடமும் விதைத்து, அதிலேயே எடுத்து வைத்து வருகிறாள். அம்மா இறந்துவிட்டாள். அம்மாவின் நிலத்தில் இப்போது சாமை இல்லை. மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்ததும் அவளுக்கும் விதையில் பங்கு தருவது அவர்கள் வீட்டு வழக்கம். ஆடி மழைக்கு மகள் நிலத்திலும் விதைக்க வேண்டும். மூட்டையில் இருந்தது அவ்வளவும்தான். வேறு எங்கும் ஒரு பிடிகூட இல்லை.

தராசுகளைக் கீரைக்கார ஆயாவிடம் விட்டுவிட்டு அவளோடு திருப்பத்தூர் பஸ் ஏறினேன்.

கிளிகளுக்கு நடுவில்

பாய் கடையில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரே, வெதையாம்மா? நேத்தே கலந்துட்டேனே!"

பெரிய டிரம்மைத் திறந்து காட்டினார். தினை, கம்பு, மண்டியில் வாங்கிய வேறு சாமை, எல்லாவற்றோடும் அந்த மூட்டையும் கலந்திருந்தது. கால் டிரம் விற்றும் போயிருந்தது. காசியம்மா முழங்கை வரைக்கும் கையை விட்டு, அள்ளி, விரலிடுக்கில் விட்டுப் பார்த்தாள்.

"பாய், ஒரு மொறமும் சல்லடையும் குடுப்பீங்களா?"

பாய் பக்கத்துக் கடைக்கு ஓடினார். டிரம்மை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மனிதர் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

கடை வாசலில் உட்கார்ந்தோம். நான் சலித்தேன், அவள் புடைத்தாள். கம்பு சல்லடையிலேயே நின்றுவிட்டது. தினையை அவள் முறத்தின் ஒரு மூலைக்கு ஓட்டிய விதத்தைப் பார்த்துப் போகிறவர்கள் நின்றார்கள். மணிக்கட்டை ஒரு சுண்டு, ஒரு சாய்ப்பு, மஞ்சள் தனியாக, சாமை தனியாக. சாயங்காலத்துக்குள் தினையும் கம்பும் ஒரு பக்கம், சாமை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டாள்.

ஆனால் சாமையிலிருந்து சாமையை எந்த முறமும் பிரிக்காது. அவள் சாமையும் மண்டிச் சாமையும் ஒன்றாகக் கிடந்தன. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து ஊதினாள். கண்ணருகில் கொண்டுபோனாள். மோந்தாள்.

"தெர்ல அக்கா. கதிரு வந்தா கண்டுபுடிச்சிடுவேன். மணியில தெர்ல" என்றாள், கலந்த சாமையை அப்படியே மூட்டையாகக் கட்டிக்கொண்டே. அப்போதும் அக்கா என்றுதான் சொன்னாள்.

நான் சொன்ன ஆறுதல்

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். வாயாடிக்கு அது முடியுமா?

"ஏன் காசீ இவ்ளோ கவலப்படுற? விவசாய ஆபீஸ்ல பாக்கெட்ல நல்ல ரகமா வெத தர்றாங்க. இத விட நல்லா வெளையும். நானே உனுக்கும் உன் பொண்ணுக்கும் வாங்கித் தர்றேன்."

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. இத்தனை வருடம் இவளோடா ஒரே சாக்கில் உட்கார்ந்திருந்தோம் என்பதுபோல் ஒரு பார்வை. ஆலங்காயத்தில் எழுந்துகொண்டாள்.

"சரிங்க மேடம். நா எறங்குறேங்க."

அழுதிருந்தால், திட்டியிருந்தால், நான்கு பேர் முன்னால் என் சேலையைப் பிடித்து இழுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'மேடம்' இருக்கிறதே, அது இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது காதில் விழுகிறது.

காலி இடம்

அடுத்த வியாழன் அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. சாமையை விற்க வராவிட்டாலும் சீத்தாப்பழத்துக்கு வருவாள் என்று நினைத்தேன். மலைப் பழம் வந்து இறங்கியது. வேறு பெண்கள் கொண்டுவந்தார்கள்.

"காசியம்மா எப்டி கீறா?" என்று கேட்பேன்.

"கீறாங்க, நல்லா கீறாங்க" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர்கள் தெரிந்து மறைக்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்று முகத்தையே பார்ப்பேன்.

அவள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. வெண்டைக்காய்க்காரர் கேட்டார், தூண் மறைக்கிறது என்றேன். தேங்காய்க்காரர் கேட்டார், கூரை ஒழுகுகிறது என்றேன். கூரை எல்லா இடத்திலும்தான் ஒழுகியது. வியாழக்கிழமை காலையில் பலகையில் 'சாமை' என்று எழுதி எதிரே ஒன்றும் போடாமல் விட்டுவிடுவேன். யாராவது கேட்டால் இன்னும் வரவில்லை என்பேன்.

மலையைப் பார்க்கிற பழக்கம் அப்போதுதான் எனக்கு வந்தது. சந்தையிலிருந்து பார்த்தால் ஒரு மடிப்புக்குப் பின்னால் இன்னொரு மடிப்புதான் தெரியும். அவள் ஊர் எந்த மடிப்பில் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. யாராவது என் தொடையில் கிள்ளமாட்டார்களா என்று இருக்கும். ஐம்பது வயது தாண்டிய பெண் இப்படி ஒரு சிநேகிதிக்கு ஏங்குவாளா என்று கேட்பீர்கள். ஏங்கினேன். ராத்திரிச் சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு.

மன்னிப்புக் கேட்கப் போயிருக்கலாம். 'மேடம்' என்று மறுபடி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் போகவில்லை. அந்தப் பயத்திலேயே மூன்று மழைக்காலம் போய்விட்டது. பிறகு என் தற்காலிக வேலையும் முடிந்தது. பலகையில் விலை எழுதுவதற்குப் பதில் இப்போது டிஜிட்டல் போர்டு வைத்துவிட்டார்கள்.

ஐப்பசிக் காடு

சென்ற வருடம் ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தேன். போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. ஆலங்காயத்துக்கு ஒரு பஸ், மேலே ஒரு ஜீப், மிச்சம் நடை. வழி கேட்டுக் கேட்டுப் போனேன். மூச்சு வாங்கியது. பயத்தில் பாதி, ஏற்றத்தில் பாதி.

வெள்ளையன்தான் முதலில் பார்த்தார். பதறிப்போய் எழுந்து, "காட்டுல கீதுங்க" என்று கை காட்டினார்.

சரிவான காடு. சாமை முதிர்ந்து நின்றது. காசியம்மா குனிந்து ஒவ்வொரு கதிராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நூறு கதிர் தாண்டி ஒன்றைக் கிள்ளி மடியில் போட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கதிர மிதிக்காத. இந்தாண்ட வா" என்றாள்.

ஒதுங்கி நின்றேன். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. "நா வெத பொறுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

ஒரு கதிரை வளைத்துக் காட்டினாள். அவள் அம்மா வீட்டுச் சாமைக்குக் கழுத்தில் லேசாகச் சிவப்பு ஓடும், கதிர் ஒரே பக்கமாகச் சாயும், மற்றதற்கு முன்னால் முதிரும். மூன்று வருடமாக இப்படித்தான் கிள்ளிக் கிள்ளிச் சேர்க்கிறாளாம். முதல் வருடம் இரண்டு பிடி. அடுத்த வருடம் அரைப் படி. மகளுக்கு இன்னும் கொடுக்கவில்லை. சுத்தமாகத் தேறாமல் கொடுக்க மாட்டாளாம். அதுவரை சந்தைக்கு விற்க என்ன இருக்கிறது என்றாள். அது முழுக் காரணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நானும் குனிந்தேன். எனக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது, எல்லாமே சாய்ந்திருந்தது. மடி நிறையச் சேர்த்துவிட்டேன்.

மதியம் வெள்ளையன் சோறு கொண்டுவந்தார். சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும். நான் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டேன்.

"துன்னு. இது பாய் வூட்டு சாம" என்றாள் காசியம்மா. முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்ப்பதற்குள் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு என் மடியை வாங்கிக் கொட்டினாள். ஒவ்வொரு கதிராக எடுத்தாள், பார்த்தாள், சோற்றுக்கான குவியலில் போட்டாள். மறுபடி ஒன்று. சோற்றுக்கு. மறுபடி. சோற்றுக்கு. நான் பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்தில் நிற்பதுபோல் நின்றேன். இந்த மடி முழுக்கப் போனாலும் பரவாயில்லை, இவள் இப்படி என் எதிரில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அவள் அடுத்த கதிரை எடுத்தாள்.

கடைசியில் இரண்டு கதிரை ஒதுக்கி வைத்திருந்தாள். அவற்றை மறுபடி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தன் மடியை விரித்து, தன் கதிர்களோடு போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு தேறுச்சி" என்றாள்.

தூரத்தில் வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. அன்றைக்குக் கீழே இறங்க அதுதான் கடைசி ஜீப்.

"ஜீப்பு" என்றேன்.

"கேக்குது" என்றாள், எழுந்து சேலையை உதறிக்கொண்டே. "காத்தால ஒண்ணு கீது. அந்தக் கோடியில இன்னும் பாக்கவே இல்ல. நீ அங்கேர்ந்து வா, நா இங்கேர்ந்து வர்றேன்."

நான் அந்தக் கோடிக்கு நடந்தேன், கதிரை மிதிக்காமல்.